பார்த்தவர் ஒருவர்

புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்களுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் அறிமுக வகுப்பு வைப்பார்கள். எந்த மண்டபத்தில் எந்தத் திரை வேலை செய்யும், பாடத்தை எப்படிப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவது, மாணவர்கள் அதைப் பார்த்தார்களா என்று எங்கே போய் அறிவது என்பதையெல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். நான் போனபோது என் மகளுக்கு ஒன்பது மாதம். கணினி அறையின் குளிருக்குள் இருந்த சிறிது நேரத்திலேயே எனக்குப் பால் சுரக்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் தந்த கோப்பு ஒன்றை ஈரம் தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தேன். குறிப்பு எடுக்கச் சொன்னபோதும் அதை மேசையில் வைக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அக்கறை இல்லை என்று நினைத்திருப்பார்களோ என்று வீடு போகும் வழியெல்லாம் யோசித்தேன்.

வகுப்பை நடத்தியவர் கற்பித்தல் ஆதரவுப் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா. பிரிவிலே எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினோம். அவர் ஒவ்வொருவருடைய கழுத்தடியிலும் சின்ன மைக்கைக் கொளுவிவிட்டு, கமராவைப் பார்த்து இரண்டு வசனம் கதைக்கச் சொன்னார். எல்லோரும் செய்தி வாசிப்பதுபோல வாசித்தோம்.

"கமராவை மறவுங்கோ," என்றார். "அதுக்குப் பின்னாலை ஒரு பிள்ளை இருக்குது, அதுக்கு நீங்கள் சொல்லுறது விளங்கேல்லை எண்டு நினைச்சுக் கதையுங்கோ."

நினைத்துப் பார்த்தேன். எனக்கு என் பிள்ளையின் முகம்தான் வந்தது. முதல் வசனத்திலேயே நின்றுவிட்டேன். அக்கா தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தந்தார்.

பிற்பகலில் அவர் இரண்டு விடயங்களை அழுத்திச் சொன்னார். ஒன்று, பதிவுசெய்த பாடத்தை மாணவர்கள் தளத்தில் பார்க்கலாம். தங்கள் போனில் இறக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. முன்பொருமுறை யாரோ ஒருவருடைய விரிவுரையை வெட்டி, பகிடிப் பாட்டுப் போட்டுச் சுற்றவிட்டார்களாம். அதற்குப் பிறகு அந்த வசதியை எல்லாப் பாடங்களுக்கும் அடைத்துவைத்திருக்கிறார்கள். பாடத்தைத் திறக்குமுன் மாணவர்களும் அதற்குச் சம்மதம் கொடுக்க வேண்டும். மற்றது, ஒவ்வொரு பாடத்தின் கீழும் அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓர் எண் வரும். "வகுப்பிலை கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்காயினம்," என்றார் அக்கா. "இது சொல்லும்." அந்த ஒரு வசனத்தை மட்டும் கோப்பின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

நான் இவ்வளவு கவனமாய்க் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எனக்கு நிலத்தடி நீர் பற்றிய பாடம் தந்திருந்தார்கள். கிழமையில் இரண்டு நாள் பின்னேர வகுப்பு. முடித்து பஸ் எடுத்து, வீடு இருக்கும் உடுப்பிட்டியில் இறங்க மைமல் இருட்டாகிவிடும். கணவருக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். பிள்ளையை அவருடைய அம்மா, என் மாமிதான் பார்த்துக்கொள்வார். மாமிக்குச் சர்க்கரை வருத்தம். காலையில் என்னைவிடச் சுறுசுறுப்பாக இருப்பவருக்கு, பொழுது சாயக் கால் வீங்கி மரத்துவிடும். ஒருநாள் நான் வந்து படலையைத் திறந்தபோது, மாமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்து மண்ணில் இருந்தார். கதிரையில் ஏன் இருக்கவில்லை என்று கேட்டேன்.

"விழுந்தாலும் எண்டுதான் பிள்ளை, முதலே இருந்திட்டன்," என்றார்.

அதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. 

அடுத்த நாள் எங்கள் துறைத் தலைவரிடம் போய்க் கேட்டேன். பின்னேர விரிவுரையை வீட்டிலிருந்து பதிவுசெய்து தளத்தில் ஏற்றுகிறேன். மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு வரட்டும். மத்தியானம் ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்கவும் கணக்குச் செய்யவும் நேரில் எடுக்கிறேன் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ, சொல்லாததுதான் சரியோ என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செய்து பார்க்கச் சொன்னார். ஆனால் அவர்கள் அதைப் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றும் சொன்னார்.

பிள்ளை காலையில் நித்திரையாகும் நேரத்தில் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பதிவுசெய்வேன். மூன்றாவது பாடம் எங்கள் ஊர் நல்ல தண்ணீர் எப்படி உவர்த் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது என்பது. படம் கீறினால் போதாது என்று தோன்றியது. பிள்ளைக்கு மசித்த பீட்றூட்டின் தண்ணீர் இருந்தது. அதில் உப்பைக் கரைத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மேலே நல்ல தண்ணீரைக் கரண்டியால் மெல்ல மெல்ல விட்டேன். கீழே சிவப்பு, மேலே தெளிவு. இறைத்துக் காட்ட வேறு ஒன்றும் கைக்கு எட்டாததால், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்துப் பாணி கொடுக்கும் சின்னச் சிரிஞ்சை எடுத்தேன். மெதுவாக இழுத்தபோது தெளிந்த தண்ணீர் வந்தது. கெதியாக இழுத்தபோது சிவப்பு கூம்பாக மேலே ஏறியது. எனக்கே அது நன்றாக இருந்தது. ஏற்றிவிட்டு, பல்கலைக்கழக ஆசிரியை செய்கிற வேலையா இது என்று வெட்கப்பட்டேன்.

நாலாவது பாடத்தை எடுக்கும்போது பிள்ளைக்கு இருமல். நடுவில் ஒருமுறை எழும்பிவிட்டாள். பதிவை நிறுத்திப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தொடர்ந்தேன். நிறுத்தித் தொடர்ந்த இடத்தில் வேண்டாததை வெட்டுவது எப்படி என்று அக்கா காட்டித்தந்திருந்தார். ஆனால் வெட்டப்போய் முழுப் பாடமும் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் அப்படியே ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த எண்ணைப் பார்க்கத் துணிந்தேன். முதலாம் பாடம், பார்த்தவர் ஒருவர். இரண்டாம் பாடம், ஒருவர். மூன்றாவதும் நாலாவதும் அப்படியே. வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள். பார்த்தது நான்தானோ, என்னையே அது எண்ணுகிறதோ என்று பெயரைத் திறந்து பார்த்தேன். நான் இல்லை. மயிலிட்டியில் கடற்றொழில் செய்யும் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி. எப்போதும் மூன்றாவது வரிசை வாங்கில் இருப்பவள்.

தலைவரும் பார்த்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒராளுக்காகவோ நீர் ஒரு செமஸ்டர் படிப்பிக்கிறீர்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கூடச் சுட்டது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும், இப்படியே இருந்தால் அடுத்த கிழமையிலிருந்து பின்னேர வகுப்பைப் பழையபடி தொடங்க வேண்டும் என்றார். சரி சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். படியால் இறங்கும்போது முற்றத்து மண்ணில் இருக்கும் மாமிதான் கண்ணுக்கு முன்னால் நின்றார்.

அடுத்த நாள் மத்தியான வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். மூன்றாவது பாடத்திலிருந்து மிக இலகுவான ஒரு கேள்வி. ஒருவரும் பதில் சொல்லவில்லை. சிலர் கொப்பியைப் பார்த்தார்கள், சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் மாணவியாய் இருந்த காலத்திலும் இப்படித்தான். தனியாக எழும்பிப் பதில் சொன்னால் படம் காட்டுகிறாள் என்று வகுப்பு முடிந்தபின் சொல்வார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அந்த மௌனத்தை நான் அந்த எண்ணோடுதான் சேர்த்து வாசித்தேன். பார்க்கவில்லை, அதனால் தெரியவில்லை. பீட்றூட்டும் சிரிஞ்சும் பார்த்து இது என்ன நேசறிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று முதல் நாளே விட்டிருப்பார்கள். அல்லது என் குரல் சரியில்லை. எல்லாக் காரணமும் என்னிலேயே வந்து முடிந்தது.

வகுப்பு முடிந்ததும் மயிலிட்டி மாணவியை அடுத்த நாள் என் அறைக்கு வந்து போகச் சொன்னேன். மற்றவர்கள் ஏன் பார்ப்பதில்லை என்று அவளிடம் கேட்பதுதான் என் எண்ணம். அவள் தனியே வரவில்லை. எங்கள் பெண்பிள்ளைகள் விரிவுரையாளர் அறைக்குத் தனியே வருவதில்லை. கூட மூன்று பேர் வந்தார்கள். அவள் மேசைக்கு முன்னால் நிற்க, மற்ற மூவரும் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

பாடங்களைப் பார்த்தது நீர் மட்டும்தானா என்று கேட்டேன். நான் கேட்ட தொனி பிழைத்துவிட்டது என்று கேட்கும்போதே தெரிந்தது. அவள் முகம் வெளிறியது.

"ஓம் மிஸ். நான் மட்டும்தான் பாத்தனான். வேறை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

கொடுத்தீரா என்று நான் கேட்கவேயில்லை. ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அவள் மட்டும்தான் என்று அவள் வாயாலேயே கேட்டதில் எனக்கு உள்ளே எல்லாம் அடங்கிவிட்டது. பரவாயில்லை, நீராவது பார்த்தீரே, போய்ட்டு வாரும் என்றேன். பின்னேர பஸ்ஸையும் வீட்டையும் மனதுக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

நான்கு பேரும் திரும்பினார்கள். கதவில் கை வைத்த குள்ளமான பிள்ளை, போகிற போக்கில், வழியில் காணும் அயலவரிடம் விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"பிள்ளைக்கு இருமல் மாறீட்டுதோ மிஸ்?"

மாறிவிட்டது என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்குப் பிள்ளை இருப்பதே இந்த வகுப்பில் எவருக்கும் நான் சொன்னதில்லை.

"உமக்கு எப்பிடித் தெரியும் இருமல் எண்டு?"

குள்ளமான பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் அவளுடைய முழங்கையில் ஒரு இடி இடித்து, "நல்லாக் கேட்டாய் போ," என்றாள். மயிலிட்டி மாணவி கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வரச் சொன்னேன். இருக்கச் சொன்னதும் இரண்டு கதிரையில் நான்கு பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல வந்தது. அவர்கள் வாடகைக்கு இருக்கும் போடிங்கில் சிக்னல் இல்லை. டேட்டா போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் கட்டாது. ஆகையால் மயிலிட்டி மாணவி நூலகத்தில் இருந்து வைஃபையில் பாடத்தை ஓடவிட்டு, தன் போன் திரையில் ஓடுவதை அப்படியே போனிலேயே பதிவுசெய்வாள். பிறகு ஒரு போனிலிருந்து மற்ற போனுக்கு. பெடியளின் போடிங்குக்கும் அன்றைக்கே போய்விடும். பாடத்தை ஒருவரும் தனியே பார்ப்பதில்லை. நாலைந்து பேராக ஒரு போனைச் சுவரில் சாத்திவைத்து, விளங்காத இடத்தில் நிறுத்தி, விளங்கியவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்ப்பார்களாம்.

"ஆராவது ஒராள் எடுத்தால் பட்ச்சுக்கே காணும் மிஸ்," என்றாள் இடித்தவள். "எல்லாப் பாடத்துக்கும் உப்பிடித்தான்."

"அம்மாவாணை, வெட்டிக் கிட்டி ஒண்டும் செய்யேல்லை மிஸ்," என்றாள் மயிலிட்டி மாணவி. சம்மதம் கொடுத்துவிட்டு மீறியதற்கு என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.  அவள் ஒரு நாளாய்ப் பட்டதும் நான் இரண்டு நாளாய்ப் பட்டதும் அந்த ஒரே எண்ணினால்தான் என்று அப்போது விளங்கியது.

பிள்ளையின் சத்தம் நன்றாகக் கேட்டதா என்று மட்டும் கேட்டேன். குள்ளமான பிள்ளைக்கு வாய் திரும்ப வந்துவிட்டது.

"நாலாவது பாடத்திலை நிப்பாட்டிப்போட்டு, 'பொறு குஞ்சு, அம்மா வாறன்' எண்டனீங்கள். இப்ப போடிங்கிலை ஆரையும் சாப்பிடக் கூப்பிட்டால் உதுதான் மிஸ் மறுமொழி."

நான்கு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே வேறாக இருந்தது. நான் நிறுத்தியதாக நினைத்த இடத்தில் பதிவு நிற்கவில்லை. என் பிள்ளையின் இருமல் எனக்குத் தெரியாத அறைகளில், தெரியாத போன்களில் கேட்டிருக்கிறது. அது பகிடியாக வெட்டப்படும் நாள் ஒன்று வராது என்று எப்படிச் சொல்வது? ஆனால் பார்த்திருக்கிறார்கள். நாற்பது பேரும் பார்த்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், அவர்களைப் போகச் சொன்னேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று அவர்கள் போன பிறகு யோசித்தேன்.

தலைவரிடம் போய் உள்ளதைச் சொன்னால் எனக்குப் பிரச்சினை தீரும், அவளுக்குத் தொடங்கும். இதைக் கேட்கக்கூடிய ஒருவர் ஆதரவுப் பிரிவு அக்காதான் என்று பட்டது. போய், பெயர் சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். மாணவர்கள் தங்களுக்குள் கைமாற்றிப் பார்த்தால் அந்த எண் என்ன காட்டும்?  யார், எவர் என்று அக்கா கேட்கவில்லை.

"ஒண்டுதான் காட்டும். அது ஆக்களை எண்ணிறேல்லை, பாஸ்வேர்ட் போட்டு உள்ளுக்கு வந்த கணக்கைத்தான் எண்ணுது." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "எத்தினை பேருக்கு இதைப் பாத்து மனம் விட்டிருக்கும்," என்றார்.

இறக்க விடும் வசதியைத் திறந்துவிடலாமா என்று கேட்டேன். பொதுவாக அடைத்திருந்தாலும், திறப்பது பாடம் எடுப்பவரின் விருப்பம். என் பாடத்துக்கு நான் அனுமதி கொடுத்தால் அது மீறல் ஆகாது என்றார். திறக்கும் இடத்தைக் காட்டினார். வெட்டுவதையும் இன்னொருமுறை காட்டினார். ஆனால் ஒன்று, திறந்துவிட்டால் அந்த எண் இதைவிடக் கூடப்போவதேயில்லை, யோசித்துச் செய்யுங்கோ என்றார்.

அவருடைய மேசையிலேயே இருந்து யோசித்தேன். அடைத்து வைத்தால் மயிலிட்டிப் பிள்ளை நூலகத்தில் ஒளித்து எடுத்துக்கொண்டே இருப்பாள். திறந்தால் தலைவரிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இராது. நாலாவது பாடத்தில் பிள்ளையின் சத்தம் வந்த இடத்தை வெட்டினேன். அழியவில்லை. பிறகு திறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைவரிடம் போனேன். அந்த எண் தளத்துக்குள் வந்த கணக்குகளின் எண், பார்த்தவர்களின் எண் இல்லை என்றேன். இனிமேல் இறக்கிப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"இதுவரைக்கும் பாத்தவை எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. "இண்டைக்கு வகுப்புக்கு வந்து பாருங்கோ சேர்," என்றுதான் வாயால் வந்தது.  செவ்வாய்க்கிழமை மூச்சுக் காட்டாதவர்கள், கடைசி வாங்கில் தலைவர் இருக்கும்போதா கதைப்பார்கள்?

வந்தார். பின்வரிசையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். வகுப்பு இன்னும் அமைதியாகிவிட்டது. நான் ஒருவரையும் எழுப்பவில்லை. நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரு வட்டமாய் இருக்கச் சொன்னேன். வாங்குகளை இழுக்கும் சத்தம் மண்டபத்தை நிறைத்தது. கேள்வியைத் தலைவரே கேட்கட்டும் என்றேன். அவர் எழும்பாமலே கேட்டார்.

"கரையோரத்துக் கிணறு. துலாவாலை இறைச்ச காலத்திலை நல்ல தண்ணி. மோட்டர் பூட்டின பிறகு உவர். மழை குறையேல்லை. என்ன நடந்தது?"

 முதலில் ஒரு வட்டத்தில் முணுமுணுப்பு. பிறகு எல்லா வட்டத்திலும். கையால் குவளை காட்டினார்கள், விரலால் இழுத்துக் காட்டினார்கள். நான் நடுவில் நின்று, ஏதோ சத்தம் கேட்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் விளங்காமல் நின்றேன். கடைசியில் பெடியள் வட்டத்திலிருந்து ஒருவன் இருந்தபடியே சொன்னான். மெல்ல இழுத்தால் மேல் தண்ணீர் மட்டும் வரும். கெதியாய் இழுத்தால் அடியில் இருக்கிற உப்புத் தண்ணீர் கூம்பாக எழும்பும் என்றான். "மருந்துச் சிரிஞ்சிலை சிவப்பு வந்த மாதிரி, சேர்."

"மருந்துச் சிரிஞ்சோ?" தலைவர் என்னைப் பார்த்தார். "அது எந்தப் புத்தகத்திலை?"

"புத்தகத்திலை இல்லை சேர். மிஸ்ஸின்ரை மூண்டாவது பாடத்திலை," என்றது இன்னொரு வட்டம். பீட்றூட் என்றது வேறொன்று. தங்கள் ஊர்க் கிணற்றிலும் இதுதான் நடந்தது என்று மயிலிட்டி மாணவி எழும்பியே சொன்னாள். யாரும் படம் காட்டுகிறாள் என்று முகம் சுழிக்கவில்லை. சுழித்திருந்தாலும் நான் கவனித்திருக்க மாட்டேன்.

வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் தலைவர் என்னோடு சிறிது தூரம் நடந்து வந்தார். எப்படி என்று திரும்பக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

"செமஸ்டர் முடியுமட்டும் இப்பிடியே போகட்டும். ஆனால் மேலுக்கு நான் அனுப்புறது இலக்கம்தான். உம்மடை இலக்கம் ஒண்டு. அடுத்த முறை ஆரும் கேட்டால் நான் இந்த வகுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டேலாது."

ஓம் சேர் என்றேன். ஒரு செமஸ்டர். அதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடுவாள். மாமியால் அவளுக்குப் பின்னால் ஓட முடியுமா என்பது வேறு. ஆனால் மைமலுக்கு முன்னால் நான் வீட்டில் நிற்பேன்.

மூன்று மணி பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைத்தது. அச்சுவேலி தாண்டும்போது போனை எடுத்துத் தளத்தைத் திறந்தேன். முந்தின நாள் ஏற்றியிருந்த ஐந்தாவது பாடத்தின் கீழ் அந்த வரி இருந்தது. பார்த்தவர் ஒருவர். அது என்ன எண்ணுகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனைப் பைக்குள் வைத்தேன்.

வல்லை வெளியில் காற்று முகத்தில் அடித்தது. ஐந்தாவது பாடத்தை உண்மையிலேயே கைமாற்றியிருப்பார்களா, அல்லது தலைவர் வந்ததால் பழைய பாடத்தை மட்டும் படித்துக்கொண்டு வந்தார்களா என்று ஒரு யோசனை. போனைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.